சிரிப்புக்கு உரை எழுதுவோர்

திரைப்படம் பற்றிப் பேச நாலுபேர் கூடினால் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. "பொழுதுபோக்கச் சென்றோம், சிரித்தோம், திரும்பினோம்; இதிலே கிண்டிக் கிளற என்ன இருக்கிறது?" என்கிறது ஒன்று. மற்றொன்றோ, கதாநாயகனின் சட்டை நிறத்திலே ஒரு தத்துவம், கதவு மூடும் ஓசையிலே ஒரு குறியீடு, மழை பெய்தால் அதற்கோர் உட்பொருள் என்று தேடித் திரிகிறது. படம் முடிந்து விளக்கு எரிந்த பின்னும் இருக்கையை விட்டு எழ மறுக்கிறது! பகுத்தறிவு பேசும் இளைஞர் பலர் இந்த இரண்டாவது வரிசையிலே சென்று அமர்வதைக் காண்கிறேன். அதுவே அறிவுக்கு அழகு என்று எண்ணுகின்றனர் போலும்!

தோழர்களே, அந்த வரிசை நமக்குப் புதிதன்று. இந்திரன் வேடமிட்டுக் கௌதமர் குடிலுக்குள் நுழைந்த கதையைச் சுட்டி, "தேவர்கோனுக்கு இது முறையோ?" என்று கேட்டபோது, பண்டிதர்கள் என்ன விடை தந்தனர்? "இந்திரன் என்றால் ஞாயிறு, அகலிகை என்றால் இரவு, ஞாயிறு எழ இரவு அழிகிறது, அவ்வளவே" என்றனர். கதையிலே இருந்ததை எடுத்துக் காட்டினார்களா? இல்லை, தாம் கொண்டுவந்ததை அதற்குள்ளே வைத்துவிட்டு, பிறகு அதையே எடுத்துக் காட்டினர். படத்திலே இல்லாத பொருளை ஏற்றிச் சொல்பவரும் அந்தப் பண்டிதரின் பேரப்பிள்ளைதான். சட்டை மட்டும் புதிது.

1964இல் ஸ்ரீதர் இயக்கி வெளியிட்ட 'காதலிக்க நேரமில்லை'யை எடுத்துக்கொள்வோம். சீர்திருத்தம் பேசவந்த படமன்று அது, சிரிப்பதற்கென்றே எடுக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்றும் சிரிப்பு மூட்டுகிறது. தோட்ட முதலாளி விசுவநாதனால் வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன், அவர் வீட்டுக்கு எதிரே கூடாரமடித்து, வேலை கேட்டுப் பாடுகிறான். உடனே நம் உரையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தொழிலாளர் போராட்டத்தை நையாண்டி செய்கிறது படம்" என்பார். இன்னொருவர், "முதலாளியின் மகளையே அவன் மணப்பதால் இது வர்க்க சமரசம்" என்று தீர்ப்பளிப்பார். ஆனால், துரத்தியடித்த அதே விசுவநாதன், அந்த இளைஞன் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை என்ற பொய்யைக் கேட்டதும் குழைகிறாரே, குனிகிறாரே! அதை யார் உரை எழுதி விளக்க வேண்டும்? பணத்தின் முன்னே மனிதன் வளைவதைக் கடைசி வரிசையிலே அமர்ந்தவனும் கண்டான், சிரித்தான். பாலையாவின் முதுகே போதுமான விளக்கவுரை.

அதே படத்திலே, தந்தைக்கு மகன் கதை சொல்லும் காட்சியை மறந்தவர் தமிழகத்திலே உண்டோ! படமெடுக்கப் புறப்பட்ட செல்லப்பாவாக நாகேஷ். பணம் படைத்த தந்தையாகப் பாலையா. கதை என்று பார்த்தால் அதிலே ஒன்றுமேயில்லை. ஓசையும் உருட்டு விழியும் கையசைவும்தான். தம் வீடு, தம் பிள்ளை, அந்தப் பிள்ளையோ உருப்படாதவன் என்பதெல்லாம் அறிந்தவர் பாலையா. எனினும் நடுங்குகிறார், வியர்க்கிறார், ஒடுங்குகிறார். பேசுகிறவர் நாகேஷ், நம்மைச் சிரிக்கவைப்பதோ, பேசாமல் கேட்கிற பாலையாவின் முகம்.

"வெறும் பொழுதுபோக்கு" என்போருக்கு இதைவிட நல்ல மறுப்பு வேறில்லை. சும்மா கேட்போமே என்று உட்கார்ந்தவர்தாம் அந்தத் தந்தையும்! பொய் என்று தெரிந்தே கேட்டாலும், ஓசையும் உருவமும் உள்ளே புகுந்து வேலை செய்கின்றன. அறிவு ஒப்புதல் தரும்வரை அவை காத்திருப்பதில்லை. ஆனால், சிரிக்காமல் இறுகிய முகத்துடன் அமர்ந்திருப்பவனுக்கு இது புலப்படவே போவதில்லை. தன்மீது நடந்த வேலையைத்தானே மனிதன் ஆராய முடியும்? தித்திப்பை அறியாத நாக்குக்குச் சர்க்கரையின் தரம் பற்றி என்ன தெரியும்?

கலைவாணர் இதை அறிந்திருந்தார். 1949இல் வந்த 'நல்லதம்பி'யில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தை நினைத்துப் பாருங்கள். நந்தனார் கதையின் அதே பாணி, அதே நீட்டல், அதே முழக்கம். ஆனால் இந்தக் கிந்தன் நாடியது தில்லையை அன்று, கல்வியை! மக்கள் முதலிலே சிரித்தனர். சிரித்ததால் வாய் திறந்தது. திறந்த வாய்க்குள் மருந்தும் இறங்கிற்று. கூடவே ஒருவர் நின்று, "இதன் உட்கருத்து யாதெனில்" என்று தொடங்கியிருந்தால் கூட்டம் முறுக்கு வாங்கப் போயிருக்கும்.

ஆயின், சிரித்ததோடு விட்டுவிடலாமா என்றால், 1972இல் வெளிவந்து பெருவெற்றி பெற்ற 'பட்டிக்காடா பட்டணமா' குறுக்கே நிற்கிறது. பட்டணத்து நாகரிகத்திலே ஊறிய படித்த மனைவி, கிராமத்துக் கணவனுடன் முரண்படுகிறாள். முடிவிலே வழிக்குக் கொண்டுவரப்படுகிறாள். சிவாஜியின் மிடுக்குக்கு மயங்காதவர் யார்? கொட்டகை அதிரக் கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டல் நடிப்புக்கா? செருக்கு அடங்கியதற்கா? படித்த பெண்ணொருத்தி அடங்கியதற்கா? சட்டை நிறத்தை ஆராய்கிறவர் இதைக் கேட்பதில்லை. பொழுதுபோக்கு என்பவர் கேட்கவே விடுவதில்லை. அந்தப் படம் பார்த்துவிட்டு, கணவனுக்கு இரண்டடி பின்னால் வீடு நோக்கி நடந்த பெண், வழியிலே என்ன நினைத்துக்கொண்டு போனாள் என்று கேட்டு எழுத, எத்தனை திறனாய்வாளருக்குத் தோன்றிற்று?