தாத்தா படங்களின் பேரப்பிள்ளைகள்

தனுஷ் இயக்கிய முதல் படமான ‘ப. பாண்டி’ 2017 சித்திரைப் புத்தாண்டன்று வெளிவந்தது. சினிமாவில் சண்டைப் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு காலம் கழிக்கிறார். அக்கம்பக்கத்துப் பிரச்சினைகளில் தலையிட்டு மகனின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்கிறார். ஒருநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார். 2019இல் ‘கே.டி (எ) கருப்புதுரை’ வந்தது. விஜயகுமார், அவர் மகன் அருண் விஜய், பேரன் அர்ணவ் என ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் நடித்த ‘ஓ மை டாக்’ 2022இல் வந்தது. ‘தாத்தா படம்’ என்று சொன்னாலே இன்னது என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு இது ஒரு வகையாகிவிட்டது. இந்த வகைக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படுவது ஒன்றுண்டு. ஆபாசம் இல்லை, குடும்பத்தோடு பார்க்கலாம், பெரியவர்களை மதிக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. முதல் இரண்டிலும் தகராறு இல்லை. மூன்றாவதுதான் தவறு.

‘ப. பாண்டி’யின் நிறைகளைச் சொல்லிவிடலாம். பாண்டியாக வரும் ராஜ்கிரணின் நடிப்பில் அலட்டல் இல்லை. அறுபதைத் தாண்டியவரின் காதலைக் கேலிப்பொருளாக்காமல் விட்டதே தமிழ்ச் சினிமாவில் பெரிய காரியம். ரேவதி வரும் காட்சிகளில் அந்தக் கண்ணியம் தெரிகிறது. கதாநாயகனுக்காக அடிபட்டு முகமே தெரியாமல் போய்விடும் தொழிலாளி ஒருவரை நடுவில் நிறுத்தியதும் நல்ல யோசனை.

குறை பேரப்பிள்ளைகளிடம் இருக்கிறது. அதாவது, பேரப்பிள்ளைகள் என்று யாரும் இல்லாததில் இருக்கிறது. படத்தில் பேரன் ஒருவன், பேத்தி ஒருத்தி. தாத்தா பக்கத்தில் இருந்தால் சிரிப்பார்கள். அப்பா தாத்தாவைக் கடிந்துகொண்டால் முகம் வாடுவார்கள். அவர்களுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயம், அப்பாவைப் பற்றி மனதில் என்ன இருக்கிறது என்று படம் நின்று கேட்பதில்லை. பாண்டி கிளம்பிப் போனதும் கதை பழைய காதலியைத் தேடிப் போகிறது; வீடு திரும்பும் இடத்தில்தான் பிள்ளைகளுக்கு மறுபடி வேலை வருகிறது. தாத்தாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்குமான பாசத்தைச் சொல்லும் படம் என்று கொண்டாடப்படும் ஒன்று, பாதிவழியில் அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

இது தற்செயலாக நேர்ந்த கவனக்குறைவு அல்ல. இந்த வகைப் படத்தில் உண்மையான சண்டை தகப்பனுக்கும் மகனுக்கும்தான். அதில் தகப்பன் நிரபராதி, மகன் குற்றவாளி என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. அந்தத் தீர்ப்பை யாராவது வாசிக்க வேண்டும். அதற்குக் களங்கமில்லாத முகம் தேவை. குழந்தை அங்கே வருவது இதற்குத்தான். மகன் கத்துவான், அடுத்த ஷாட்டில் குழந்தையின் கலங்கிய கண், பார்வையாளருக்கும் கண் கலங்கும். அந்தக் குழந்தைக்குத் தாத்தாவிடம் ஒருநாள் சலிப்பு வந்தால், அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று அது நினைத்துவிட்டால், மொத்தக் கட்டடமும் ஆட்டம் காணும். ஆகவே குழந்தைக்கு அந்த உரிமை கிடைப்பதே இல்லை. அழுவதற்கு மட்டும் அனுமதி உண்டு.

இதனால் கிழவருக்கும் நஷ்டம். நிரபராதியாகவே இருக்கவேண்டியவர் சொன்ன கதையையே பத்தாவது தடவை சொல்லக்கூடாது. மருந்து போட்டாயிற்றா என்று மறந்துபோகக்கூடாது. பேரனிடம் அநியாயமாக எரிந்துவிழவும் கூடாது. ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறவர் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று வீடே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் முதுமை இந்தப் படங்களில் கிடையாது. பாண்டிக்கு முதுமை தாடியில் மட்டும்தான். கைகள் இன்னும் ஆட்களைப் பந்தாடுகின்றன. மதிக்கச் சொல்லிக்கொடுக்கிறது என்கிறார்கள். அடிக்கத் தெரிந்தவரை மதிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

‘ஓ மை டாக்’ ஒருபடி மேல் என்று சொல்ல இடமுண்டு. அங்கே பையனுக்கென்று ஒரு காரியம் இருக்கிறது: கண் தெரியாத நாய்க்குட்டியை வளர்த்து ஆளாக்குவது. ஆனால் பையன் ஆளாக எழுந்ததும் தாத்தா ஓரத்துக்குப் போய்விடுகிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மனிதர்களாக இருக்கும் வித்தை கைகூடவில்லை.

அது கைகூடாத வித்தையல்ல. ஃபாசில் தம் மலையாளப் படத்தைத் தமிழில் மறுபடி எடுத்த ‘பூவே பூச்சூடவா’ (1985) இதைச் செய்துகாட்டியிருக்கிறது. பத்மினியின் பாட்டி வந்திறங்கும் பேத்தியைக் கட்டிப்பிடித்து வரவேற்பதில்லை. மருமகன்மீது இருக்கும் பழைய கோபத்தைப் பேத்திமீது காட்டுகிறார். நதியாவின் பேத்தியும் பொம்மையல்ல. குறும்பு செய்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், தன் நோயைப் பாட்டியிடம் மறைக்கிறாள். கடைசியில் அவளைச் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டுப் பாட்டி வாசல் மணியை மறுபடி பொருத்துகிறார். அந்த மணிக்கு அர்த்தம் வந்தது, இரண்டு பிடிவாதங்கள் படம் முழுக்க மோதிக்கொண்டதால்தான். யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) இன்னும் துணிச்சலானது. நீ பெரியவனாகும்போது நான் இருப்பேனோ என்று பாட்டி கேட்க, சின்னப் பேரன் காதில் வாங்காமல் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். ஓசு அவன் கண்ணில் நீரைத் தேடிப் போகவில்லை. குழந்தை குழந்தையாக இருந்ததே அந்தக் கேள்வியின் பாரத்தை ஏற்றிவிடுகிறது.

திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில் போன்ற இடத்திலிருந்து இந்தப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையின் சனத்தொகையில் 12.4 வீதத்தினர் 60 வயதை எட்டியவர்கள். தமிழர் பகுதிகளில் அதோடு போரும் புலப்பெயர்வும் சேர்ந்துகொண்டன. பிள்ளைகள் ரொறன்ரோ, இலண்டன், மெல்பேர்ன் என்று போய்விட, பேரப்பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் வீடியோ கோலில்தான். “சாப்பிட்டாச்சோ?” என்று அப்பப்பா கேட்பார். “ஓம்” என்று ஒரு சொல் வரும். பிள்ளை திரையைவிட்டு நழுவும். தாய் பிடித்திழுத்து இருத்துவாள். கோடை விடுமுறைக்கு வந்தால் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போவார்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தில் குத்தி உண்டாக்கிய ஊற்று இது என்று கிழவர் தொடங்குவார். ஏழு கிணற்றில் எதில் கூடச் சூடு என்பதுதான் பேரனின் கவலை. கதை பாதியில் நிற்கும்.

இங்கே யாரும் குற்றவாளி இல்லை. மகன் மாதம் தவறாமல் காசு அனுப்புகிறான். மருமகள் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேரனுக்குத் தாத்தாவில் பிரியம்தான். பேசத்தான் மொழி போதாது. மகன் வந்து மன்னிப்புக் கேட்டால் தீரும் துக்கம் அல்ல இது. கோடம்பாக்கத்தின் தாத்தா படம் நம்பியிருப்பதோ அந்த மன்னிப்புக் காட்சியை மட்டுமே. அதை எடுத்துவிட்டால் அதன் கையில் வேறு கருவி இல்லை. தாத்தாவும் பேரனும் நேருக்கு நேர் உட்கார்ந்து, இடையில் மகன் இல்லாமல், பேச முயன்று தோற்கும் ஐந்து நிமிடத்தை எழுதக்கூட அதற்குப் பழக்கமில்லை.

சிறுபிள்ளைகளால் அவ்வளவு சுமக்க முடியாது, அப்படி எடுத்தால் படம் ஓடாது என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. முதல் பாதிக்கு மதுமிதா இயக்கிய ‘கருப்புதுரை’யே பதில். முதியவரை வீட்டாரே சாகடிக்கும் தலைக்கூத்தலுக்குத் தப்பி ஓடிவந்த கிழவரோடு சேரும் குட்டி என்ற பையன் அவரை அதட்டுகிறான், பேரம் பேசுகிறான், அவருடைய ஆசைகளுக்குப் பட்டியல் போட்டு வேலை வாங்குகிறான். அந்த வேடத்துக்காக நாகவிஷாலுக்குத் தேசிய விருதே கிடைத்தது. ஆனால் குட்டி அவருக்குப் பேரன் அல்ல, கோயிலில் வளரும் அநாதை. எதிர்த்துப் பேசும் சுதந்திரத்தை அநாதைக்குக் கொடுக்கிறது தமிழ்ச் சினிமா. சொந்தப் பேரனுக்குக் கொடுக்கக் கை நடுங்குகிறது. படம் ஓடாது என்பதற்குக் கொரியாவின் ‘தி வே ஹோம்’ (2002) பதில். அதில் வரும் நகரத்துப் பேரன் பேசமுடியாத பாட்டியை இளக்காரம் செய்கிறான், அவர் கொண்டை ஊசியைத் திருடுகிறான், பொரித்த கோழி கேட்டவனுக்கு அவித்த கோழியைக் கொடுத்ததற்காக அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிறான். பாட்டியாக நடித்தவர் அதற்கு முன் எதிலும் நடித்திராத கிராமத்து மூதாட்டி. அந்த ஆண்டு அந்த நாட்டில் வசூலில் முன்வரிசையில் நின்ற படங்களில் அதுவும் ஒன்று.