குற்றவாளிக்காக வாதாடுபவர் யார்?

துப்பறியும் படம் என்றாலே அது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. கொலைஞர் யார் என்பது வெளிப்பட்டதும் கதை முடிந்துவிடும். அதற்குமேற் சிந்திக்க என்ன இருக்கிறது என்பர். அவ்வாறு முடிந்துவிடாத இரு படங்களை இங்கு எடுத்துக்கொள்வோம்.

1954 ஆம் ஆண்டில் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘அந்த நாள்’ தமிழ்த் திரையில் ஒரு துணிகர முயற்சி. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையுமில்லை. நெறிப்படுத்திய எஸ். பாலச்சந்தரோ புகழ்பெற்ற வீணைக் கலைஞர்! 1943 ஒக்டோபர், சென்னைமீது யப்பானியக் குண்டு விழுந்த வேளை. வானொலிப் பொறியியலாளன் ராஜன் சுடப்பட்டு இறந்துகிடக்கிறான். அயலவரும் தம்பியும் தம்பி மனைவியும் ஆசைநாயகியும் ஒருவரையொருவர் சுட்டுகின்றனர். ஈற்றில் மனைவி உஷா உண்மையைச் சொல்கிறாள். ராஜன் பகைவருக்கு உளவு பார்த்தவன். அவனைத் தடுக்க முயன்ற அவள் கையிலிருந்த துப்பாக்கியே வெடித்தது.

சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் இப்பாத்திரங்களுக்கு உயிரூட்டினர். ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். தன் கண்டுபிடிப்புக்கு ஆதரவு வேண்டி நின்ற ராஜனை அந்நிய அரசு புறக்கணித்தது. அந்தப் புறக்கணிப்பிலிருந்தே அவனது வீழ்ச்சி தொடங்குகிறது. படம் இதனைக் காட்டுகிறது. ஆனால் விசாரிக்காமற் கடந்துவிடுகிறது. ‘துரோகி’ என்ற சொல் வந்ததும் கேள்விகள் யாவும் அடங்கிவிடுகின்றன.

அக்கேள்விகளை அடங்கவிடாத படம், ஒஸ்திரியாவிற் பிறந்த பிரிட்ஸ் லாங்கின் ‘எம்’. தமிழ் ‘காளிதாஸ்’ மூலம் திரையிற் பேசத் தொடங்கிய அதே 1931 இல் வெளிவந்தது. பேர்லின் நகரிற் குழந்தைகளைக் கொல்பவனைப் பொலிசார் தேடுகின்றனர். அத்தேடுதலாற் தம் தொழில் கெடுவதைக் கண்ட திருடரும் தேடுகின்றனர். இரு கூட்டத்தாரின் ஆலோசனைகளையும் லாங் மாறிமாறிக் காட்டும்போது, எது சட்டம், எது கள்ளர் கூட்டம் என்பதே மயங்கிப் போகிறது. கண்பார்வையற்ற பலூன் வியாபாரி ஒருவர் கொலைகாரனை அவன் சீழ்க்கையொலியால் இனங்காண்கிறார். வெண்கட்டியால் வரைந்த எழுத்தொன்று அவன் தோளிற் பதிகிறது. திருடர் கூடிய மன்றில், தன்னை மீறிய வெறியே தன்னைத் துரத்துகிறது என்று அவன் கதறுகிறான். கூட்டமோ கொல் என்கிறது. ஆனால் அந்த மன்றிலும் அவனுக்காக வாதாட ஒருவர் எழுந்து நிற்கிறார்! 1933 இல் லாங் ஜேர்மனியை விட்டு வெளியேறினார். 1934 இல் நாசிகள் படத்தைத் தடைசெய்தனர்.

இப்படத்தை எமது மாணவர் சிலருக்குக் காட்டினோம். “சேர், கள்ளர் கூட அவனுக்கு ஒரு வக்கீல் வைத்தார்களே” என்றான் ஒருவன். எம்மால் உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. 1980 களில், இதே யாழ்ப்பாணத்து வீதிகளில், மின்கம்பங்களிற் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்திற் ‘துரோகி’ என்ற அட்டை தொங்கியதை எம் பெற்றோர் கண்டனர். அம்மனிதருக்காக வாதாடியவர் யார்? பார்த்துநின்றோர் ஏன் வாய் திறக்கவில்லை? அச்சம் பாதி, அட்டையிலிருந்த அந்த ஒற்றைச் சொல் மீதி.

ஒரு சொல்லைக் கழுத்தில் மாட்டிவிட்டால் விசாரணை வேண்டியதில்லை என்று நம்பிய சமுதாயம், தன் பிள்ளைகளுக்கு எந்த நீதியைக் கற்பிக்கும்? ‘அந்த நாள்’ படத்தைப் போற்றுவோம். அது கேளாமல் விட்ட கேள்வியை நாம் வகுப்பறையிற் கேட்போம்.