முதியோரும் பொய்ச் செய்தியும்

2016 ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தற் காலத்தில், முகநூலிற் பொய்ச் செய்திகளை மிகுதியாகப் பகிர்ந்தோர் 65 வயதைக் கடந்தோரே என 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. இதைக் கொண்டு முதுமையே பேதைமை எனச் சாற்றுவார் உளர். பகிர்ந்தவரோ அவ்வயதினருள் நூற்றுக்கு 11 பேர் மட்டுமே!

2020 இல் அந்நாட்டின் பொயின்ரர் நிறுவனம் முதியோருக்கெனத் தொடங்கிய பாடநெறி, ‘இச்செய்தியின் பின்னால் நிற்பவர் யார்?’ என வினவப் பழக்கியது. பயின்றோர் மெய் பொய்யைச் சரியாகப் பிரித்தறிந்த வீதம் 64 இலிருந்து 85 ஆக உயர்ந்ததாம். முதியோராற் கற்க இயலும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயின், அதே வினாவை அப்பாடநெறியை நோக்கியே எழுப்புவோமாயின், அதன் பின்னால் பொருளுதவி புரிந்து நின்றது முகநூல் நிறுவனம்! பகிர்வு பெருகப் பெருக விளம்பர வருவாய் ஈட்டும் வணிகர், முதியோரை வகுப்பில் அமர்த்துவதனால் மட்டும் தமது கடமை தீர்ந்ததெனக் கொள்ள நாம் இடமளித்தலாகாது.