கேட்போர் என்னும் உறுப்பு

தொடர்பாடலிற் கேட்போனுக்குரிய இடம் யாது என்னும் வினா இலக்கிய விமரிசனத்துக்குப் புறம்பானதன்று. 1948 இல் குளோட் ஷனன் வெளியிட்ட தொடர்பாடற் கோட்பாடு, செய்தியைப் பிழையின்றி அனுப்பும் பொறியியற் சிக்கல் பற்றியது. செய்தியின் பொருளை அது வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தது. அதனை மனித உறவுகளுக்கு அவ்வாறே பொருத்தியோர், கேட்போனை வெறும் வாங்குகருவியாக்கினர்.

நம்மிடையேயும் இந்நோக்கு இல்லாமலில்லை. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றும் நெய்யரியை நன்னூல் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கும். இதனை நாம் அடிக்கடி எடுத்தாளுகின்றோம். ஆயின், ஆசிரியராகத் தகாதாரையும் பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு முதலியவற்றோடு அந்நூல் ஒப்பிடுவதை எளிதில் மறந்துவிடுகின்றோம். திருக்குறளும் 'கேள்வி'யோடு அமையாது, பேசுவோன் கடனாகிய 'அவையறித'லுக்குத் தனி அதிகாரம் வகுத்தது. தொல்காப்பியச் செய்யுளியலோ 'கேட்போர்' என்பதனைச் செய்யுளுறுப்புக்களுள் ஒன்றாகவே எண்ணுகின்றது. அங்குக் கருதப்படுவோர் செய்யுளினுள்ளே அமையும் கேட்போரே எனினும், கேட்போரின்றிக் கூற்று நிறைவுறாது என்னும் தெளிவு அதனுட் பொதிந்துள்ளது.

ஈழத்து முற்போக்கு இலக்கியம் இத்தெளிவை நடைமுறையில் உணர்ந்திருந்தது. 1960களில் எழுந்த மரபுப் போராட்டத்தில், மக்களின் பேச்சுவழக்கு இலக்கியத்துக்கு உரியதே என அது வாதிட்டது. மலையகத் தோட்டப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணியும் கேட்டலின் விளைவேயாம். எழுதுவோர் முதலிற் கேட்போராயிருந்தமையே அவ்வெழுத்தின் வலிமையெனலாம்.

ஆனால் நமது விமரிசனம் அதே நெறியிற் செல்லவில்லை. ஒரு படைப்பு யாருக்காகப் பேசுகின்றது என வினவினோம். அதனை யார் கேட்டனர், கேட்டோர் யாது கொண்டனர் என வினவினோமல்லோம். கூட்டத்தின் மௌனத்தை உடன்பாடெனக் கொண்டோம். உடன்படாதவிடத்து, மக்களின் உணர்வு இன்னும் வளரவில்லை என்றோம். கேட்போன் தன் அனுபவத்தைக் கொண்டே பொருள் கொள்கின்றான் என்பதை, புறவுலக வாழ்வே உணர்வை உருவாக்குகின்றது என வற்புறுத்தும் நாமே மறந்தமை பெருமுரண்பாடாகும்.

முடத்தெங்கு நீர் வார்த்தவனுக்கன்றி அயலானுக்கே காய் தரும். உழைக்கும் மக்களின் வாழ்வில் வேரூன்றி, கருத்தரங்குகளில் மட்டும் காயுதிர்க்கும் விமரிசனத்துக்கு இவ்வுவமை பொருந்தாதென நாம் துணிந்து கூறமுடியுமா? பேசுமுன் கேட்கக் கற்றல், முற்போக்கு விமரிசனத்தின் முதற்கடனாதல் வேண்டும்.