திம்பம் ஏற ஒரு ஜோடி வாக்கி-டாக்கி

கோபியிலிருந்து தாளவாடிக்குக் குடும்பத்தோடு இரண்டு காரில் போவதென்றால், பண்ணாரி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் செல்போனில் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஏதாவது ஒன்றில் பாரம் ஏற்றிய லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டால், பின்னால் வரும் காருக்குச் சொல்ல வழியில்லை. புலிகள் காப்பகம் என்பதால் இறங்கி நின்று பார்க்கவும் கூடாது. இணையத்தில் ஓடும் வாக்கி-டாக்கி செயலிகளும் டவர் போனதும் ஊமையாகிவிடும். இந்த இடத்துக்காகவே கையடக்க வாக்கி-டாக்கி ஜோடி ஒன்றை வாங்கலாம் என்பேன்.

"மாமா, ஒம்பதாவது வளைவுல லாரி நிக்குதுங்க. நீங்க கீழயே நின்னுக்குங்க." முன் காரிலிருந்து இந்த ஒரு வரி போய்ச் சேர்ந்தால் போதும், போட்ட காசு வசூல். ஆனால் பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்துத்தான் பேச வேண்டும். அழுத்தியதும் பேசினால் முதல் சொற்கள் விழுங்கப்பட்டு, எந்த வளைவு என்பதே அந்தப் பக்கம் கேட்காது. ஒருவர் பேசி முடித்துப் பட்டனை விட்டால்தான் மற்றவர் பேச முடியும். குழந்தைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை நம்ப வேண்டாம். அது வெட்டவெளிக் கணக்கு. மலை ஏறும்போது மேல் வளைவும் கீழ் வளைவும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதால், சாலை எவ்வளவு சுற்றினாலும் குரல் தெளிவாக வருகிறது. முன் கார் திம்பம் உச்சியைத் தாண்டி ஆசனூர்ப் பக்கம் இறங்கியதும் மலை குறுக்கே வந்துவிடும். பிறகு வெறும் இரைச்சல்தான். இந்தக் கருவி அனுப்பும் ரேடியோ அலையின் நீளம் சுமார் 67 சென்டிமீட்டர். கண்ணாடி வழியே வெளியே போகும், காரின் தகட்டையும் பாறையையும் தாண்டத் திணறும். அதனால் கருவியை மடியில் வைக்காமல் ஜன்னலோரம் பிடியுங்கள். பிடிப்பவர் பக்கத்து சீட்டுக்காரராக இருக்கட்டும்; ஓட்டிக்கொண்டே கையில் வைத்துப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அலைவரிசை. 2018 விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்திக் கருவிக்கு உரிமம் தேவையில்லை. அதற்கும் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு தரும் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். எந்த அலைவரிசைக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று மலிவாக விற்கும் செட்டைத் தொடாதீர்கள். வீரப்பன் தேடுதல் வேட்டை நடந்த காடு இது. இன்றும் வனத்துறையினர் கையில் வயர்லெஸ்ஸோடு ரோந்து போகிறார்கள். அவர்கள் பேச்சுக்குள் நம் செட் குறுக்கிடவே கூடாது.

பிரைவசி கோடு என்று ஒரு வசதி இருக்கும். அது பிறர் பேச்சை நம் காதில் விழாமல் செய்யுமே தவிர, நம் பேச்சை மறைக்காது. வீட்டு விஷயம் பேச வேண்டாம். காட்டுக்குள் ஒலியைக் குறைத்து வையுங்கள். சாதா பென்சில் செல்லிலும் ஓடும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் தீர்ந்தாலும் தாளவாடிக் கடைவீதியில் செல் கிடைக்கும்.