லாரியன் வெள்ளியும் ஈஸ்கிலஸின் நாலு வரியும்

நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த ஊரின் பெருமையைப் படித்தாலும், ‘சரி, மண்ணுக்குள்ள என்ன இருந்துச்சு, யார் தோண்டினாங்க?’ என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். ஈஸ்கிலஸின் ‘பெர்சியர்கள்’ நாடகத்தை இந்த வாரம் மறுபடி படித்தபோதும் அதே கேள்வி வந்து நின்றது.

கி.மு. 472-ல் ஏதென்ஸில் மேடையேறிய நாடகம். முழுசாக நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க நாடகங்களில் இதுதான் பழையது. சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டே வருஷம். ஜெயித்த ஊரில், ஜெயித்தவர்கள் முன்னால், தோற்றவனின் தாயை மேடையில் நிறுத்துகிறார் ஈஸ்கிலஸ். கதை நடப்பது பெர்சியாவின் சூசா நகரத்தில். செத்துப்போன பெர்சியர்களின் பேர் வரிசை வரிசையாக வருகிறது. ஒரு கிரேக்கத் தளபதியின் பேர்கூடக் கிடையாது. நம்ம பரணியும் தோற்றவர் பேரில் பாடுவதுதான், ஆனால் அங்கே கொண்டாட்டம் ஜெயித்தவனுக்கு. இங்கே கடைசிவரை ஒப்பாரி. மாரத்தானில் இதே பெர்சியர்களோடு நேரில் சண்டை போட்ட ஆள் எழுதியது இது என்பதை நினைத்தால் ஆச்சரியம் கூடுகிறது.

எனக்கு உறுத்தியது வேறு இடம். மகன் செர்க்சிஸ் படையெடுத்துப் போன ஊர் எப்படிப்பட்டது என்று அரசி பெரியவர்களை விசாரிக்கிறாள். பணம் இருக்கா? இருக்கு, மண்ணுக்கடியில் வெள்ளி ஊற்றே இருக்கு என்கிறார்கள். சரி, அவங்களுக்கு எஜமான் யார்? அவர்கள் எவனுக்கும் அடிமை இல்லை என்று பதில். இரண்டு பதில்களுக்கும் நடுவே சுமார் நாலு வரிதான் தூரம்.

அந்த வெள்ளி, ஏதென்ஸுக்குத் தெற்கே லாரியன் சுரங்கத்திலிருந்து வந்தது. கிடைத்த பணத்தைத் தலைக்குப் பத்து டிராக்மா பிரித்துக்கொள்ளலாம் என்று ஊர் பேசியபோது, வேண்டாம், 200 கப்பல் கட்டுவோம் என்று தெமிஸ்டோக்ளிஸ் மடக்கியதை ஹெரடோட்டஸ் சொல்கிறார். சலாமிஸில் ஏதென்ஸின் கப்பற்படை அப்படி வந்ததுதான். தோண்டியவர்களைப் பற்றி அவரும் அந்த இடத்தில் வாய் திறக்கவில்லை.

தோண்டியது பெரும்பாலும் அடிமைகள். நம்மூர் மாதிரி திறந்தவெளிச் சுரங்கம் இல்லை. நிமிர்ந்து நிற்க முடியாத குடைவுப் பாதை, எண்ணெய் விளக்கு. பிற்காலத்துத் தளபதி நிசியாஸ் ஆயிரம் அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஓபல் வாங்கினார் என்று செனோபோன் கணக்குச் சொல்கிறார். ஆறு ஓபல் ஒரு டிராக்மா. இதைக் கண்டித்து எழுதவில்லை. அரசாங்கமும் இதே மாதிரி செய்தால் வருமானம் வருமே என்று யோசனையாக எழுதுகிறார்!

இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆளிடம் இதையெல்லாம் கேட்பது நியாயமா? அடிமை வைத்திருப்பது அன்று ஊர் வழக்கம், உண்மைதான். வேறு ஒரு கவிஞர் என்றால் நானும் விட்டுவிடுவேன். ஆனால் எதிரியின் தாய் அழுவதைக் கேட்கத் தெரிந்த காது இது. சூசா வரைக்கும் எட்டிய காதுக்கு, ஒரு நாள் நடையில் இருந்த லாரியன் எட்டவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

கி.மு. 413-ல் ஸ்பார்ட்டாக்காரர்கள் டெசிலியாவில் கோட்டை கட்டி உட்கார்ந்த பிறகு, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினார்கள் என்று துசிடிடிஸ் எழுதுகிறார். அதில் பெரும்பங்கு கைத்தொழில் தெரிந்தவர்களாம். சுரங்க ஆட்களும் அதில் இருந்திருப்பார்கள் என்பது பலரின் ஊகம். பேர் ஒன்றுகூட அவர் தரவில்லை, எண்ணிக்கைதான்.

எங்க டவுன்ஷிப்பிலும் வட்டங்களுக்கு எண்தான். சுரங்கத்துக்காகக் காலியான ஊர்களுக்குப் பேர் இருந்தது.

நாடகம் சின்னதுதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அரசி கேள்வி கேட்கும் இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.