சுராங்கனியும் கரைவலையும்

ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’யைக் கேளாத தமிழர் மிகச் சிலரே. மணவீட்டிலும் பாடசாலைச் சுற்றுலாப் பேருந்திலும் அது ஒலிக்காத நாளில்லை. ஆயின் அதனை ஆராயத்தக்க ஒரு படைப்பாகக் கொள்வோர் அவரினும் சிலர். ‘பொப் பாட்டுத்தானே’ என்ற ஒரு சொல்லோடு நம் கற்றோர் அதனைக் கடந்துவிடுகின்றனர். கடலோரக் கிராமமாகிய சல்லியிலிருந்து இதனை எழுதும் நாம், மீனைப் பொருளாகக் கொண்ட இப்பாட்டை அத்துணை எளிதிற் கடந்துவிட முடியவில்லை.

பாட்டுப் பிறந்த சூழலை முதலில் நோக்குவோம். ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை 1960களின் பிற்பகுதியில் அரும்பி 1970களில் மலர்ந்தது. நித்தி கனகரத்தினம் கள்ளுக்கடையையும் மாமி மகளையும் கிற்றார் ஒலியோடு மேடைக்குக் கொணர்ந்தார். நம் திருகோணமலையைச் சேர்ந்த பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் இசைத்தட்டு வெளியிட்டனர். 1970க்குப் பிந்திய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர்க் கலைஞருக்குச் சிறிது மூச்சுவிட இடந்தந்தன. தென்னிந்தியத் திரைப்பாடலின் நிழலில் வாடியிருந்த நம் பாட்டு, தன் காலில் நிற்க முயன்ற காலம் அது. மனோகரன் அக்காலத்தின் பிள்ளை.

அவர் கையாண்ட பைலா இசையின் வரலாறோ இன்னும் நீண்டது. ‘ஆடு’ எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. போர்த்துக்கேயரும் அவர்தம் ஆட்சியில் இங்கு கொணரப்பட்ட ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற தாளத்தை மட்டக்களப்பிலும் நம் பாலையூற்றிலும் வாழும் பறங்கியர் பேணினர். பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வோலி பஸ்ரியன் அதைச் சிங்களப் பாட்டாக்கினார். அடிமையின் கால் ஆடிய தாளம் இன்று நம் மணவீடுகளில் ஆடப்படுகின்றது.

இனிப் பாட்டின் மொழிக்கு வருவோம். பல்லவி சிங்களம், பின்வருவது தமிழ். சுராங்கனி என்பாளுக்கு ஒருவன் மீன் கொண்டு வருகிறான், அவ்வளவே கதை. மீன் என்னாது ‘மாலு’ என்கிறான். இதனைக் கலப்படம் என இகழ்வோர் கரையோர வாழ்வை அறியாதோர். நீர்கொழும்புக் கரையின் மீனவர் வீட்டில் தமிழும் வெளியிற் சிங்களமும் பேசித் தலைமுறைகள் கழிந்தன. மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடியடித்துத் தங்கினர். வாடி என்ற அச்சொல்லே இரு மொழிக்கும் பொதுவானது. மீன் விலை பேசவும், அறுந்த வலைக்குக் கயிறு கேட்கவும் இரு மொழியும் வேண்டியிருந்தன. 1956ஆம் ஆண்டின் சட்டம் ஒரு மொழியை அரியணையேற்றியது. 1972இன் அரசியலமைப்பு அதனை மேலும் உறுதிப்படுத்தியது. அச்சட்டங்களின் காலத்திலேயே ஒரு தமிழ்ப் பாடகன் இரு மொழியிலும் பாட, நாடு முழுதும் அதைப் பாடியது. அரசு பிரித்ததைக் கடற்கரை பிரிக்கவில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர் மக்கள் பேச்சைக் கதைகளிற் கொணர்ந்தபோது பண்டிதர்கள் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்றனர். முற்போக்கு அணியினர் அதனை எதிர்த்து நின்று வென்றனர். அன்று சிறுகதைக்காக நாட்டப்பட்ட உரிமை பாட்டுக்கும் உண்டன்றோ? ஆயினும் மேடையிற் கிற்றாரோடு வந்த அதே பேச்சை விமர்சனம் பொருட்படுத்தவில்லை.

இதனாற் சுராங்கனியைப் பெருங்கவிதை என்று நாம் சொல்ல வரவில்லை. அதிலே மீன் உண்டு, மீன் பிடித்தவன் பாடு இல்லை. சம்மாட்டியின் கடனும் பங்குக் கணக்கும் இல்லை. சுராங்கனியும் ஒரு பெயரேயன்றி ஒரு பெண் அல்லள். கரையில் வலை இழுப்போர் பாடும் அம்பாவில் உடலின் வலி தாளமாகின்றது. இப்பாட்டில் தாளம் வலியை மறக்கச் செய்கின்றது. இரண்டினதும் வேறுபாடு இதுவே.

பாட்டு பரவிய கதையும் கவனிக்கத்தக்கது. இசைத்தட்டிற் பாடகன் பெயர் இருந்தது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனோர் கசெற் பெட்டியோடு திரும்பினர். ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரதிசெய்யப்பட்ட கசெற்றில் யார் பெயரும் இருக்கவில்லை. அதே 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற தமிழ்நாட்டுத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவன் குரலிற் சுராங்கனி ஒலித்தாள். அவ்வாண்டு ஆவணியில் இங்கே தமிழர் அடித்து விரட்டப்பட்டனர். இரு மொழிப் பாட்டு அக்கரையிற் களிப்பூட்ட, இக்கரையில் மொழியால் ஆளை அடையாளங்கண்டு தாக்கினர்.

தட்டிலிருந்து தட்டுக்குத் தாவும் பாட்டு தன் பாடகனை எங்ஙனம் இழக்கின்றது என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணமுண்டு. சொலமன் லிண்டா என்ற சூலூத் தொழிலாளி 1939இல் ஜொகன்னஸ்பேர்க்கில் ‘எம்பூபே’ என்ற பாட்டைப் பதிவுசெய்தார். உரிமைக்கு அவர் பெற்ற விலை 10 ஷில்லிங். அமெரிக்காவில் இடதுசாரிப் பாடகர் பீற் சீகரும் அவர் குழுவினரும் அதனைத் தழுவி 1952இல் தட்டாக வெளியிட்டனர். அதன் சொல்லைத் தவறாகக் கேட்டு ‘விமொவே’ ஆக்கினர். தட்டில் லிண்டா பெயர் இல்லை. நாட்டார் பாடலென அது கொள்ளப்பட்டது. 1961இல் டோக்கன்ஸ் குழு ஆங்கிலச் சொற்களோடு மீண்டும் பாடிற்று. நிறுவனம் நம்பியது தட்டின் மறுபக்கத்துப் பாட்டையே. ஆயினும் சிங்கத்தின் பாட்டுத்தான் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. மறுவருடம் லிண்டா வறுமையில் மாண்டார். அவர் புதல்வியர்க்கு இழப்பீடு கிடைத்தது 2006இல், வழக்காடிய பின்னரே. சீகர் நல்லவர், லிண்டாவுக்குப் பணமும் அனுப்பினார். எனினும் பதிப்புரிமை நிறுவனங்களின் கணக்கு நல்லவர் மனத்தைப் பார்ப்பதில்லை. ‘மக்கள் பாட்டு’ என்று நாம் வாயாரச் சொல்லும்போது அக்கணக்கையும் மனங்கொள்ளல் வேண்டும்.

மனோகரன் 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுத்த ‘வாடைக்காற்று’ப் படத்தில் மீனவர் கதையிலே நடித்தார். பின்னர் தமிழகம் சென்று திரையிற் சிறு வேடங்கள் ஏற்றார். நாட்டின் பெயர் 1972இலேயே மாறிவிட்ட போதிலும் சென்னை அவரைச் ‘சிலோன்’ மனோகராகவே வைத்திருந்தது. 2018 ஜனவரி 22இல் அங்கேயே காலமானார்.

அவர் பாட்டிலே மீன் தாராளமாக வந்தது. இங்கோ போர்க்காலத்திற் கடலுக்குப் போகத் தடையும் அனுமதிச் சீட்டும் இருந்தன. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை வந்தது. உழவு இயந்திரத்தால் வலை இழுக்கும் வழக்கம் கிழக்குக் கரையிற் பரவியபின் அம்பாவுக்குத் தேவையும் குறைந்துவிட்டது. எஞ்சிய முதியோர் பாடுவதை நம் மாணவர் சிலர் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து வருகின்றனர். பதிவுகளுக்கு ‘அம்பா 1’, ‘அம்பா 2’ எனப் பெயரிட்டிருந்தனர். பாடியவர் பெயரும் ஊரும் நாளும் முதலில் எழுதப்படல் வேண்டுமென்று கூறி, அவ்விரண்டையும் திருத்தும்படி அவர்களைத் திருப்பி அனுப்பியுள்ளோம்.